கைத்தொலைபேசியில் காசு செலுத்துகிறீர்களா? பின்னால் இருக்கும் விதிமுறைகள் என்ன?

உணவங்காடியில் தேத்தண்ணி வாங்கினாலும் சரி, நண்பருக்குக் காசு திருப்பிக் கொடுத்தாலும் சரி, கைத்தொலைபேசி போதும். "பர்ஸ் கொண்டுவரலையே" என்ற கவலை இல்லை.

ஆனால் ஒரே ஒரு மோசடி இணைப்பைத் தட்டி, சேமிப்பு முழுவதும் போய்விட்டால்? மறுபடியும் அந்தச் செயலியைத் திறக்க மனம் வருமா?

சுலபமாக இருந்தால் தொடங்குவோம். நம்பிக்கை இருந்தால்தான் தொடர்வோம். அந்த நம்பிக்கையில் அரசாங்க விதிமுறைகளுக்கும் பங்குண்டு. சிங்கப்பூரில் அவை எப்படிச் செயல்படுகின்றன?

கடையில் ஏன் ஒரே குறியீடு?

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி கியூஆர் குறியீடு இருந்தால் கடைக்காரருக்கும் குழப்பம், நமக்கும் குழப்பம். அதற்காக 2018 செப்டம்பரில் அறிமுகமானது எஸ்ஜிகியூஆர். ஒரே குறியீட்டில் பல கட்டண முறைகள் சேர்ந்தன.

மின்பணப்பையில் உள்ள காசு பத்திரமா?

கட்டணச் சேவைச் சட்டம் 2020 ஜனவரி 28ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி, பெரிய கட்டணச் சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பணத்தைப் பாதுகாத்து வைக்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வங்கிக் கணக்கில் உள்ள பணத்துக்கு வைப்புத்தொகைக் காப்புறுதி உண்டு. மின்பணப்பைக்கு அது கிடையாது. அதில் வைத்திருக்கக்கூடிய தொகைக்கும் வரம்பு உண்டு. 5,000 வெள்ளியாக இருந்த வரம்பு 2023 டிசம்பரில் 20,000 வெள்ளியாக உயர்ந்தது.

12 மணி நேரம் ஏன் காத்திருக்கணும்?

புதுக் கைத்தொலைபேசியில் வங்கியின் மின்னிலக்கப் பாதுகாப்பு வில்லையைச் செயல்படுத்தினால் குறைந்தது 12 மணி நேரத்துக்குப் புதிய பெறுநரைச் சேர்ப்பது, பரிவர்த்தனை வரம்பை உயர்த்துவது போன்றவற்றைச் செய்ய முடியாது.

"என்ன இது, தொல்லையா இருக்கே" என்று தோன்றலாம். 2021 இறுதியில் வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் பலர் பணத்தை இழந்த பிறகு வந்த கட்டுப்பாடு இது. உங்கள் விவரங்களைத் திருடியவர் உடனே கணக்கைக் காலி செய்ய முடியாதபடி, நீங்கள் விழித்துக்கொள்ள அது நேரம் தருகிறது.

பணம் போனால் யார் பொறுப்பு?

2024 டிசம்பர் 16ஆம் தேதி பொறுப்புப் பகிர்வுக் கட்டமைப்பு நடப்புக்கு வந்தது. தகவல் திருட்டு மோசடி நடந்தால், வங்கி தன் கடமையைச் செய்ததா என்று முதலில் பார்க்கப்படும். தவறியிருந்தால் இழப்பை வங்கி ஏற்க வேண்டும். அடுத்தது தொலைத்தொடர்பு நிறுவனம். இரண்டும் கடமையைச் செய்திருந்தால் இழப்பு உங்களுடையது.

மோசடிக்காரரின் பேச்சை நம்பி நீங்களே பணம் அனுப்பினால் இந்தக் கட்டமைப்பு கைகொடுக்காது.

நீங்கள் என்ன செய்யலாம்?

பரிவர்த்தனை அறிவிப்புகளை நிறுத்தாதீர்கள். சந்தேகமா? 1799 எனும் ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை அழையுங்கள். பணம் போய்விட்டது தெரிந்தால் வங்கியின் அவசர முடக்க வசதியைப் பயன்படுத்தி உடனே கணக்கை முடக்குங்கள். பிறகு வங்கியிடமும் காவல்துறையிடமும் புகார் செய்யுங்கள்.

விதிமுறைகள் கதவைப் பூட்டித் தரும். சாவியை யாரிடமும் கொடுக்காமல் இருப்பது நம் கையில்தான்!