பெமல், கோலார் தங்கவயல்

பாதுகாப்பு அமைச்சகத்தின் பொதுத்துறை நிறுவனம். 1964இல் தொடங்கப்பட்டது. தங்கவயலில் இதன் பெரிய ஆலை வளாகம் உள்ளது. புல்டோசர், மண்வாரி இயந்திரங்களால் பெயர் பெற்றாலும், ஏவுகணைத் திட்டங்களில் இதன் பங்கு டட்ரா லாரி. 1986இல் செக்கோஸ்லோவாக்கியாவுடன் செய்த ஒப்பந்தத்தின் பலன் அது. நடுவில் ஒரே குழாய்ச்சட்டம். இருபுறமும் தனித்தனியே ஏறி இறங்கும் அரை அச்சுகள். மேடுபள்ளத்திலும் ஏவுதளம் குலுங்காமல் போக இந்த அமைப்பே காரணம். பிருத்வி ஏவுகணை இந்த லாரியின் மேலிருந்துதான் பாய்கிறது.

ஏவுகணை ஆய்வும் வடிவமைப்பும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் பொறுப்பு. உற்பத்தி ஒப்பந்தம் பாரத் டைனமிக்ஸுக்கு, ரேடார் பாரத் எலக்ட்ரானிக்ஸுக்கு. 2006 நவம்பர் 27 அன்று, வரும் ஏவுகணையை வானிலேயே இடைமறிக்கும் சோதனை வென்றது. பாராட்டு விஞ்ஞானிகளோடு நின்றுவிடக் கூடாது. பட்டறைத் தொழிலாளருக்கும் அதில் உரிய பங்கு உண்டு.

2012இல் டட்ரா கொள்முதல் குறித்து சிபிஐ வழக்குப் பதிந்தது. தங்கவயலின் தங்கச் சுரங்கங்களோ 2001 பிப்ரவரி 28 அன்றே மூடப்பட்டன. தமிழர் பெருவாரியாக வாழும் ஊரில், எஞ்சிய பெரிய ஆலைவேலை பெமலுடையதுதான்.