குற்றாலத்திற்கு வந்த கொக்கோ

சில ஆண்டுகளுக்கு முன்பு தென்காசி வட்டாரத்துப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றி வந்தோம். கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி, ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக அன்பியத் தாய்மார்கள் பலகாரம் செய்து விற்பது அங்கே வழக்கம். முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து ஆகியவற்றோடு அவ்வாண்டு புதியதொன்றையும் சேர்க்க விரும்பினர். முந்திரிப்பருப்பு இட்ட சாக்லேட் ஃபட்ஜ் என்னும் இனிப்பே அது.

செய்முறை எளிதாகவே தோன்றியது. 300 கிராம் சீனி, 30 கிராம் கொக்கோத் தூள், 180 மில்லி பால், 30 கிராம் வெண்ணெய், ஒரு கை நிறைய வறுத்த முந்திரி. அடிகனத்த பாத்திரத்தில் சீனி, கொக்கோ, பால் மூன்றையும் பாகாகக் காய்ச்சி, பதம் வந்ததும் இறக்கி, வெண்ணெய் போட்டு ஆறவிட்டு, பிறகு கிளறி, முந்திரி சேர்த்துத் தாம்பாளத்தில் கொட்டித் துண்டு போட வேண்டும். மேற்பார்வையிடச் சென்ற நாம் மரக்கரண்டியைக் கையில் எடுத்தோம். ஓரமாக அமர்ந்து முந்திரியை உடைத்துக்கொண்டிருந்த முதிய தாய் ஒருவர் தடுத்தார்.

“சாமி, இப்பத் தொடாதீங்க. சூடு ஆறட்டும். இப்பக் கிண்டினா மணலு மணலாப் போயிரும்.”

நாம் கேட்கவில்லை. முதல் தட்டு அவர் சொன்னபடியே மணலாகப் போயிற்று. பெண்கள் வாய்விட்டுச் சிரித்தனர்; நாமும் சிரித்தோம். அப்போது அருகில் நின்ற பள்ளிச் சிறுமி ஒருத்தி, “ஃபாதர், சீனி நம்ம ஊரு, பாலும் நம்ம ஊரு. இந்தக் கொக்கோ எந்த ஊரு?” என்று கேட்டாள். “அது வெளிநாட்டுச் சரக்கும்மா” என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

சொன்னது முழுப் பொய்யன்று. ஆனால் உண்மையில் பாதிகூட இல்லை. பின்னர் பயிர்களின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது, இந்திய மண்ணில் கொக்கோ முதன்முதலாக நடப்பட்ட இடம் குற்றாலம் என்று கண்டு திகைத்தோம். நாம் நின்றிருந்த அடுக்களையிலிருந்து பேருந்தில் ஏறினால் அரைமணி நேரத்தில் போய்ச் சேரும் குற்றாலம்! இக்கட்டுரை அச்சிறுமிக்கு நாம் சொல்லத் தவறிய பதில்.

கொக்கோவின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் மக்கள் அதன் விதையை நாணயமாகவும் புழங்கினர். அரைத்து, மிளகாயும் மணப்பொருள்களும் சேர்த்துக் கசப்புப் பானமாகவும் பருகினர். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றிய பின் பானத்தில் சீனி சேர்ந்தது. ஐரோப்பா அதற்கு மயங்கியது. கூடவே திருச்சபைக்கு ஒரு சிக்கலும் வந்தது. ஒருசந்தி நாளில் சாக்லேட் பருகலாமா? பருகினால் ஒருசந்தி முறியுமா?

இன்று கேட்பவர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். அன்று அறிஞர்கள் இதற்காக நூல்களே எழுதினர். அந்தோனியோ தெ லெயோன் பினேலோ என்பவர் 1636-இல் மத்ரித் நகரில் இவ்வினாவைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். இயேசு சபையினர் பொதுவாகத் தடையில்லை என்றனர். சாமிநாதர் சபையினர் பலர் அதை மறுத்தனர். 1664-இல் கர்தினால் பிரங்காச்சோ உரோமையில் வெளியிட்ட நூலில், சாக்லேட் பருகும் பொருளாக இருக்கும்வரை ஒருசந்தியை முறிக்காது என்று வாதிட்டார்.

இந்த விவாதத்திற்கு நானூறு ஆண்டுகள் முன்னரே புனித தோமா அக்குவினார் அடிப்படை போட்டிருந்தார் என்பது குருமடத்தில் இறையியல் பயின்ற நமக்கு நினைவுக்கு வருகிறது. அக்காலத்தில் செரிமானத்திற்காக உண்ணப்பட்ட இனிப்பு லேகியங்களைப் பற்றி அவர் ஆராய்கிறார். அவை மருந்தாக உட்கொள்ளப்படுவதால் ஒருசந்தியை முறிப்பதில்லை. ஆனால் சட்டத்தை ஏய்க்கும் எண்ணத்தோடு உணவுபோல் நிறைய உண்டால் முறியும் என்பது அவர் கருத்தின் சாரம். வாய்க்குள் போகும் பொருளை மட்டும் பார்த்தால் போதாது. உண்பவன் தன் மனத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் கற்பிக்கிறார். இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்த அதே ஐரோப்பாவில், அந்தக் கோப்பைக்குச் சீனியை விளைவித்த ஆப்பிரிக்க அடிமைகளின் பட்டினியைப் பற்றிக் கவலைப்பட்டோர் மிகச் சிலரே. ஒருசந்தியைக் காத்தோம், உழைத்தவனைக் காத்தோமா என்ற கேள்வி நம்மை உறுத்துகிறது.

இனிக் கொக்கோ கிழக்கே வந்த கதை. ஸ்பானியர் அதைப் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கொண்டுசென்றனர். நாளடைவில் அருகிலிருந்த தீவுகளிலும் அது பரவியது. அவற்றுள் ஒன்று கிராம்புக்குப் பேர்போன அம்போய்னா. முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார் 1546-இல் மறைப்பணிக்குச் சென்றதும் அத்தீவுக்கே. அன்று அங்கே போர்த்துகீசியர் கை ஓங்கியிருந்தது. 1605-இல் டச்சுக்காரர் அதைப் பறித்துக்கொண்டு கிராம்பு வாணிகத்தைத் தம் பிடிக்குள் இறுக்கினர். 1796-இல் ஆங்கிலேயர் அவர்களிடமிருந்து பறித்தனர். தீவு தம் கையில் எத்தனை நாள் நிற்குமோ என்று கிழக்கிந்தியக் கம்பெனியார் அறியார். எனவே அங்குள்ள விலையுயர்ந்த செடிகளைத் தம் ஆட்சிக்குட்பட்ட வேறு இடங்களில் வளர்க்க முற்பட்டனர்.

அதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்றாகக் குற்றாலம் அவர்கள் கண்ணுக்குப் பட்டது. மலையடிவாரம், சாரல், வற்றாத ஈரம், மரநிழல். சாதிக்காயும் கிராம்பும் பட்டையும் வளர்க்கக் கம்பெனியின் வாசனைப் பயிர்த் தோட்டங்கள் இங்கே எழுந்தன. 1798-இல் அம்போய்னாவிலிருந்து கொக்கோவும் வந்தது. கிரியோல்லோ என்னும் மெல்லிய சுவையுடைய பழைய வகை அது. பலாவைப் போல அடிமரத்திலேயே காய்க்கும் மரம். குறும்பலாவைத் தலமரமாகக் கொண்ட குற்றாலத்தார்க்கு அக்காட்சி புதுமையாக இருந்திருக்காது.

அந்த ஆண்டைச் சற்று நினைத்துப் பார்ப்போம். அதே 1798-இல்தான் பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மன் இராமநாதபுரத்தில் ஆட்சியர் ஜாக்சனைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் அவரைத் தூக்கிலிட்டனர். நெல்லைச் சீமையில் ஒரு கையால் தூக்குக் கயிற்றைப் பிடித்த அதிகாரமே மறு கையால் கொக்கோ நாற்றை ஊன்றியது. குழி வெட்டியவர் யார், குடத்தில் நீர் சுமந்தவர் யார் என்பதை நாம் படித்த வரலாறுகளில் காணவில்லை. அவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்பதில் மட்டும் நமக்கு ஐயமில்லை.

குற்றாலத்தில் கொக்கோ பெருந்தொழிலாகவில்லை. கிரியோல்லோ குறைந்த விளைச்சல் தருவது. நோய்க்கு எளிதில் ஆட்படுவது. கொக்கோ மரம் நீண்ட வறட்சியைத் தாங்காது. சாரலும் ஐப்பசி மழையும் வளமாகத் தந்தாலும், மாசி முதல் சித்திரை வரை நம் பகுதியின் வெயில் எப்படியிருக்கும் என்பதை வாசகர்கள் அறிவர். சாதிக்காயும் மங்குஸ்தானும் இன்றும் குற்றாலத்தின் அடையாளங்களாக நிற்கின்றன. கொக்கோ முதலில் வந்த ஊர் இது என்பதோ ஊராருக்கே மறந்துபோயிற்று.

ஏறத்தாழ 170 ஆண்டுகள் கழித்தே இந்தியாவில் கொக்கோ வாணிகப் பயிராக வேரூன்றியது. 1960-களின் நடுவில் கேட்பரி நிறுவனம் கேரளத்து வயநாட்டில் மாதிரித் தோட்டம் அமைத்தது. தென்னைக்கும் பாக்குக்கும் இடையே ஊடுபயிராக அது பரவியது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலை சரிந்தது; வாங்குவாரின்றி உழவர்கள் பலர் மரங்களை வெட்டி எறிந்தனர். அந்த நெருக்கடியில் பாக்கு உழவர்களின் கூட்டுறவுச் சங்கமாகிய காம்ப்கோ கொக்கோவை வாங்க முன்வந்தது. 1986-இல் கர்நாடகத்துப் புத்தூரில் தன் சாக்லேட் ஆலையையும் திறந்தது. இன்று ஆந்திரம் கொக்கோ விளைச்சலில் முன்னணியில் நிற்கிறது. நம் மாநிலத்தில் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளின் நிழலில் அது வளர்கிறது.

ஃபட்ஜ் என்னும் இனிப்புக்கும் ஒரு சிறு வரலாறு உண்டு. அது பெரிய சமையல் வல்லுநர்களின் படைப்பன்று. 1886-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அது விற்கப்பட்டதாக வாசர் கல்லூரி மாணவி ஒருத்தியின் கடிதம் கூறுகிறது. செய்முறையைக் கேட்டறிந்த அவள், 1888-இல் கல்லூரி ஏல விழாவுக்காக முப்பது பவுண்டு செய்தாளாம். நம் அன்பியத் தாய்மார்களைப் போலவே பொதுக்காரியம் ஒன்றிற்காக!

அம்மாணவி கற்றதும் நம் முதிய தாய் அறிந்ததும் ஒன்றே. பாகு 112 முதல் 116 பாகை வரை கொதித்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மெத்தென உருண்டு வரவேண்டும். இறக்கிய பின் கைபொறுக்கும் சூடு வரும்வரை அசைக்கலாகாது. சூட்டோடு கிளறினால் சீனி பெரிய மணிகளாக உறையும். ஆறிய பின் கிளறினால் நாவுக்குத் தெரியாத நுண்மணிகளாக உறையும். அவர் வெப்பமானியைக் கண்டதில்லை. அதிரசப் பாகில் கற்ற பாடத்தை அப்படியே இதற்கும் பொருத்தினார். அதில் வியப்பில்லை. கரும்புச் சாற்றைக் காய்ச்சி மணியாக உறைய வைக்கும் கலையை உலகுக்குத் தந்தது இந்திய நாடு. கற்கண்டில் உள்ள ‘கண்டு’ வடமொழியின் ‘கண்டம்’ என்ற சொல்லுக்கு உறவு. அதுவே பாரசீகம், அரபு வழியாக மேற்கே சென்று ‘கேண்டி’ ஆயிற்று. நாம் நம்முடையது என்று எண்ணும் முந்திரியோ பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்தது. சிறுமியின் கணக்கில் எது நம்மூர், எது வெளியூர் என்று பிரிப்பது அவ்வளவு எளிதன்று.

ஆயினும் அவள் வினாவில் இன்னொரு பகுதி எஞ்சியிருக்கிறது. எந்த ஊர் என்பதோடு, யார் கையால் என்றும் கேட்க வேண்டும். போர்த்துகீசியரின் சாவோ தோமே தீவில் கட்டாய உழைப்பால் கொக்கோ விளைந்தது அம்பலமாகி, 1909-இல் இங்கிலாந்தின் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் அதை வாங்க மறுத்தன. இன்று உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே தோட்டங்களில் சிறுவர்கள் படும் கொடுமையை 2005-க்குள் ஒழிப்பதாகச் சாக்லேட் நிறுவனங்கள் 2001-இல் உறுதி கூறின. கெடு கடந்து பல்லாண்டுகளாகியும் அக்கொடுமை முற்றும் நீங்கவில்லை. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காக நாம் கிளறிய பாகில், பள்ளிக்குப் போகாத எந்தப் பிள்ளையின் உழைப்பு கலந்திருந்ததோ!

இதனால் இனிப்பையே விலக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. விழாவுக்கு இனிப்பு வேண்டும். அது இறைவன் தந்த மகிழ்ச்சி. கொக்கோ மரத்திற்குத் ‘தெய்வ உணவு’ என்று பொருள்படும் பெயரை 1753-இல் லின்னேயஸ் சூட்டினார். தெய்வ உணவு என்று சொல்லிக்கொண்டு, அதை விளைவித்த மனிதரை மறப்பதுதான் தகாது.

அன்று இரண்டாவது தட்டை அந்த முதிய தாயே செய்தார். பாகு ஆறும்வரை அனைவரும் கை கட்டிக் காத்திருந்தோம். வழவழப்பாக வந்தது; அன்றே விற்றுத் தீர்ந்தது. அச்சிறுமி இன்று வளர்ந்து பெரியவளாகியிருப்பாள். இவ்விதழ் அவள் கைக்கு எட்டுமாயின், அம்மா, உன் கேள்விக்கு இதுவே பதில்: கொக்கோ அமெரிக்கக் கண்டத்தின் பிள்ளை, அம்போய்னாவில் வளர்ந்தது, இந்தியாவில் முதலில் காலூன்றியது உன் குற்றாலத்தில். அதை விளைவித்த கைகளின் பெயர் நமக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு செபம் சொல்லும்போது அவர்களையும் ஒரு நொடி நினைத்துக்கொள்.