ரேந்தையும் குசினியும்

ஒரு நாட்டின் வரலாறு கோட்டை கொத்தளங்களில் மாத்திரமன்றி, அடுக்களையில் வழங்கும் சொற்களிலும் பதிந்து கிடக்கின்றது. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில், குருக்கள்மடத்தை அடுத்து அமைந்தது செட்டிபாளையம். இப்பகுதி மக்கள் சமையலறையைக் குசினி என்பர். துணியோரத்துப் பின்னலை ரேந்தை என்பர். இரண்டும் போர்த்துக்கேயர் தந்த சொற்கள். அவர்கள் 1628ஆம் ஆண்டில் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பத்தாண்டுகளே கோட்டை அவர்கள் வசம் இருந்தது. அவர்களுடைய சொற்களோ குசினியை விட்டு இன்றளவும் வெளியேறவில்லை.

பழைய பாணிக் குசினிப் பொருள்களைக் கொளுக்கி ஊசியால் பின்னும் ஆர்வம் இன்று பல நாடுகளில் மீண்டும் தலையெடுத்திருக்கின்றது. பாற்குவளைக்கு மணி கோத்த மூடி, சுடுகலத்தைப் பிடிக்கத் தடித்த சதுரம், தேநீர்ப் பாத்திரத்துக்குப் போர்வை, அலுமாரித் தட்டின் விளிம்புக்கு ரேந்தை ஆகியவற்றைக் காணும்போது தாயும் அம்மம்மாவும் வாழ்ந்த வீடு பலருடைய நெஞ்சிலே எழுகின்றது. அந்நினைவை நாம் ஏளனம் செய்ய வரவில்லை. ஆயினும், பின்னிய கை யாருடையது, அக்கைக்குக் கிடைத்த கூலி யாது என்று வினவுவது வரலாற்று மாணவரின் கடனாகும்.

குரோசே எனப்படும் இக்கைத்தொழில், காலியில் பீரலு என வழங்கும் ரேந்தையினின்றும் வேறானது. பீரலுவுக்குத் திண்டு வேண்டும், குண்டூசிகள் வேண்டும், நூல் சுற்றிய கட்டைகள் பல வேண்டும். குரோசேக்கு ஒரு கொளுக்கியும் ஒரு நூற்பந்துமே போதும். ஒரு வளையத்தினூடே நூலை இழுத்து மறுவளையம் ஆக்குவதே அதன் அடிப்படை. உலை கொதிக்கும் இடைவேளையிலும் பின்னலாம். பிள்ளை அழுதால் கீழே வைத்துவிட்டு எழலாம். மூடியின் துளைகள் ஆவியை வெளியே விடும். ஓரத்து மணிகளின் பாரம் கடற்காற்றில் அது பறவாமல் காக்கும். இந்த எளிமையே அதன் சிறப்பு. இதே எளிமைதான் சுரண்டலுக்கும் வழி திறந்தது.

1845ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். ஏறத்தாழ அத்தனை பேர் கப்பலேறினர். அந்நாளில் கன்னியர் மடங்களும் சில சீமாட்டிகளும் ஏழைப் பெண்களுக்குக் குரோசே கற்பித்தனர். குளோன்ஸ் நகரில் 1847இல் தொடங்கிய முயற்சி இவற்றுள் புகழ்பெற்றது. பட்டினிக் குடிசைகளில் பின்னப்பட்ட ரேந்தை செல்வர் வீட்டுப் பெண்டிரின் கழுத்தை அலங்கரித்தது. இன்று பழமையின் அழகு என்று போற்றப்படும் பின்னலுக்குப் பின்னே பஞ்சமும் நிற்கின்றது.

தமிழகத்தின் தென்கோடியில் நடந்ததும் சிந்திக்கத்தக்கது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்னும் பாதிரியாரின் மனைவியார் 1820களில் பள்ளிச் சிறுமியருக்குத் திண்டு ரேந்தை பின்னக் கற்பித்தார். அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர், அவ்வூதியத்தைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதோ 1855இல்தான். சட்டம் தருமுன்னே சில பெண்கள் நூலைக் கொண்டு தளையை அறுத்தனர்.

மட்டக்களப்புக்கு வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் 1814இல் வந்து சேர்ந்தார். இன்றைய வின்சென்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை தன் தோற்றத்தை 1820ஆம் ஆண்டாகக் கணக்கிடுகின்றது. இலங்கையின் மிஷன் பெண்பள்ளிகளில் ஏட்டுக்கல்வியுடன் தையற்கலையும் இடம் பெற்றது. எழுத்தறிவு பெண்ணுக்கு உலகைத் திறந்தது. தையல் நேரமோ, அவளுடைய இடம் குசினியே என்றும் கூடவே போதித்தது. இவ்விரண்டையும் ஒருங்கே கண்டால்தான் அக்காலக் கல்வியை நாம் நேர்மையாக மதிப்பிட முடியும்.

ஆந்திரத்தின் கோதாவரி வடிநிலத்தில் நரசாப்பூர் உள்ளது. அங்கும் பாதிரிமார் குடும்பங்கள் வழியே பரவிய குரோசே, பின்னர் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானிய சமூகவியலறிஞர் மரியா மீஸ் இப்பெண்களை ஆராய்ந்து 1982இல் நூலொன்று வெளியிட்டார். வீட்டுவேலை அனைத்தையும் முடித்து, அதற்கு மேலும் பல மணிநேரம் பின்னிய பெண்கள் மிகச் சொற்பக் கூலியே பெற்றனர், வணிகரோ செல்வராயினர். அப்பெண்கள் தொழிலாளர் எனக் கொள்ளப்படவில்லை. ஓய்வுநேரத்தில் ஊசி பிடிக்கும் இல்லத்தரசிகள் என்றே கொள்ளப்பட்டனர். பொழுதுபோக்கு என்ற ஒரு சொல்லால் கூலியைக் குறைக்க முடிந்தது என்பதே அந்நூல் தரும் பாடம். 2024இல் நரசாப்பூர்ப் பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் கிடைத்த காப்பு பின்னும் கைக்கும் கிடைக்க வேண்டாமா?

மட்டக்களப்பில் இக்கேள்விக்குத் தனிக்கனம் உண்டு. இங்கே குடி தாய்வழி எண்ணப்படும். வீடு மகளுக்குச் சீதனமாகும். மணமகன் பெண்வீட்டில் வந்து குடிபுகுவான். ஆகவே குசினி தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது. அதில் தொங்கும் ஒரு ரேந்தைத் துண்டும் தாய்வழிச் சொத்தாகும். 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு வந்து குவிந்த பிளாஸ்டிக் மூடிகள் பின்னல் மூடிகளை ஒதுக்கின. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியும், 2009 வரை நீண்ட போரும், 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையும் எத்தனையோ வீடுகளைக் குசினியோடு அழித்தன. வீடே போனவளுக்குப் பழைய பின்னலின் நினைவு அழகுணர்ச்சி மட்டுமன்று. இழந்த உரிமையின் நினைவுமாகும்.

போருக்குப் பின் குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் இம்மாவட்டத்தில் பலர். கைப்பணி செய்து பிழைக்குமாறு அவர்களுக்கு அறிவுரை கூறுதல் எளிது. நூலின் விலையை மட்டும் கணக்கிட்டு, ஊசி நடந்த மணிநேரத்தைக் கணக்கிடாத சந்தையில் அந்த அறிவுரை வயிற்றை நிரப்பாது. பின்னுவோர் கூட்டுறவாகச் சேர்ந்து, உழைத்த நேரத்தை விலையில் சேர்த்துக் கேட்க வேண்டும். வகுப்பறையில் ஊசியைப் பெண்பிள்ளைக்கு மட்டும் கொடுக்கும் வழக்கத்தை ஆசிரியராகிய நாம் கைவிட வேண்டும். அம்மம்மாவின் பின்னலைப் போற்றும் மாணவர், அதனைப் பின்ன எத்தனை இரவு சென்றதென்று அவரிடமே கேட்டு எழுதி வரட்டும். நம் ஊர்களின் தொழிலாளர் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத அத்தியாயம் அங்கேதான் தொடங்குகின்றது.