சதுப்புநிலத்துத் தையற்கலை

வடநாட்டில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதற் குளிர்காலம் கற்பிக்கும் சொற்களுள் ஒன்று ‘ரஜாய்’. வங்காளத்தில் வாழ்வோர் ‘காந்தா’வை அறிவர், மகாராஷ்டிரத்தில் வாழ்வோர் ‘கோதடி’யை அறிவர். பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின்மேல் ஓயாது ஊசியோட்டிச் செய்யும் இப்போர்வைகளைக் கையில் எடுத்ததும், “இதற்கு எத்தனை நாள் ஆயிற்றோ!” என்றுதான் வியக்கிறோம். கைவேலையின் மதிப்பை அதில் செலவான காலத்தைக் கொண்டே அளப்பது நம் பழக்கம். விரைவாகச் செய்தது என்றால் மட்டமாகச் செய்தது என்று பொருள் கொண்டுவிடுகிறோம். விரைவுக்கென்றே கண்ட ஒரு முறை ஒரு சிறு குலத்தின் அடையாளக் கலையாக மலர்ந்த வரலாறும் உண்டு. அதைக் காண நாம் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள புளோரிடா மாநிலத்தின் சதுப்புநிலத்துக்குச் செல்லவேண்டும்.

அமெரிக்க மாதர் ஒட்டுப்போர்வை தைப்பதில் பேர்பெற்றவர்கள். சிறு துணித்துண்டுகளை இணைத்து ஒரு சதுரக் கட்டம் செய்வார்கள். அத்தகைய கட்டங்கள் பலவற்றைச் சேர்த்தால் போர்வையின் மேற்புறம் உருவாகும். அட்டையில் வெட்டிய அச்சைத் துணிமேல் வைத்துக் கோடிழுத்து, ஒவ்வொரு துண்டாகக் கத்தரித்து, ஒவ்வொன்றாகத் தைப்பதே அவர்களுடைய பழைய முறை. 1976-இல் அந்நாட்டின் விடுதலைப் பிரகடனத்துக்கு இருநூறாம் ஆண்டு விழா வந்தபோது இக்கலை புத்துயிர் பெற்றது. அவ்வாண்டிலேயே பார்பரா ஜோஹன்னா என்பவர் விரைவுத் தையலைப் பற்றி நூல் எழுதினார். 1978-இல் எலினார் பர்ன்ஸ் ஒரே நாளில் போர்வை தைக்கும் வழியை நூலாக்கினார். 1979-இல் ஜப்பானிய நிறுவனமான ஓல்ஃபா, உருளும் வட்டக் கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பல மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் பட்டைகளாக வெட்ட அது உதவியது. விரைவுத் தையலின் கதையை இங்கிருந்தே தொடங்குவோர் பலர். அது பாதிக் கதைதான். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, நூலும் இல்லாமல் வட்டக் கத்தியும் இல்லாமல், செமினோல் குலத்துப் பெண்கள் அதே நுட்பத்தைக் கையாண்டு வந்தார்கள்.

அந்நுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். சதுரங்கப் பலகை போல அறுபத்து நான்கு கட்டங்களைச் சிவப்பும் வெள்ளையுமாக மாறிமாறித் தைக்கவேண்டும் என்று கொள்வோம். தனித்தனிச் சதுரங்களாக வெட்டினால் வரிசைக்கு ஏழு தையலாக எட்டு வரிசைக்கு 56 தையல். பின்பு வரிசைகளை இணைக்க 7. ஆக 63 தையல். அறுபத்து நான்கு துண்டுகளையும் தனித்தனியே வெட்டும் வேலை இக்கணக்கில் சேரவில்லை. இனி மற்ற வழியைப் பார்ப்போம். நான்கு சிவப்புப் பட்டைகளையும் நான்கு வெள்ளைப் பட்டைகளையும் மாறிமாறி வைத்து நெடுக்காகத் தைத்துவிடுகிறோம். ஏழு தையலில் கோடுபோட்ட ஒரு துணி கிடைக்கிறது. அதைக் குறுக்கே எட்டுத் துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் எட்டுக் கட்டங்கள் கொண்ட ஆயத்த வரிசை. ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மீண்டும் ஏழு தையல் போட்டால் பலகை முடிந்தது. மொத்தம் 14 தையல். வெட்டித் தைப்பதற்கு மாறாக, தைத்துப் பின் வெட்டுவது, வெட்டியதை மீண்டும் தைப்பது என்ற இந்த முறைமாற்றத்திலேயே முழு இரகசியமும் அடங்கியிருக்கிறது.

வெட்டிய துண்டுகளைத் திருப்புவதோடு நில்லாமல், ஒவ்வொன்றையும் முன்னதைவிட ஒரு படி கீழே தள்ளி வைத்தால் வேறொரு விந்தை நிகழும். இரு நீலப் பட்டைகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் பட்டையைத் தைத்துக் குறுக்கே வெட்டி, இவ்வாறு படிப்படியாக இறக்கி இணைத்தால், சிவப்புச் சதுரங்கள் மூலையோடு மூலை தொட்டு மாடிப்படி போல் இறங்கும். அதைச் சாய்த்துப் பிடித்து, ஏறி இறங்கும் ஓரங்களை நேராக நறுக்கிவிட்டால், மூலைமேல் நிற்கும் செஞ்சதுரங்களின் வரிசை ஒன்று நீலத்தின் நடுவே ஓடும். இதைக் காண்பவர் ஒவ்வொரு சதுரமும் தனியே பதிக்கப்பட்டது என்றே எண்ணுவார். குறுக்கு வெட்டைச் சாய்வாக வெட்டினால் இன்னொரு கோலம். பட்டைகளின் அகலத்தை மாற்றினால் மற்றொன்று. நெருப்பு, மின்னல், மழை, அம்பு எனச் செமினோல் மாதர் இக்கோலங்களுக்குப் பெயரிட்டு வழங்கினர்.

இவ்வளவு நுட்பம் ஒரு சதுப்புநிலத்தில் எவ்வாறு பிறந்தது?

செமினோல் மக்கள் அங்கே விரும்பிக் குடியேறியவர்கள் அல்லர். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த பூர்வகுடியினரை மேற்கே அகற்ற வழிவகுத்த சட்டம் 1830-இல் நிறைவேறியது. செமினோல்கள் பணிய மறுத்தனர். 1835 முதல் 1842 வரை கடும்போர் நடந்தது. அவர்களுடைய வீரர் ஆசியோலா 1837-இல் சமாதானக் கொடியின்கீழ்ப் பேசவந்த இடத்திலேயே சிறைபிடிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு சிறையில் மாண்டார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேற்கே அனுப்பப்பட்டனர். 1855-இல் மூண்ட போரும் 1858-இல் ஓய்ந்தபோது, எஞ்சிய சில நூறு பேர் ‘எவர்கிளேட்ஸ்’ என்னும் புல்லும் நீரும் கலந்த பெருவெளிக்குள் மறைந்தார்கள். 1880-81-இல் அங்கே சென்று கணக்கெடுத்த கிளே மெக்காலே கண்டது 208 பேரை மட்டுமே. எனினும் அவர்கள் சரணடையவில்லை. ‘வெல்லப்படாதவர்கள்’ என்றே இன்றும் தம்மைக் கூறிக்கொள்கிறார்கள்.

பனையோலை வேய்ந்து, சுவரின்றி, மரத்தூண்களின்மேல் தளம் உயர்த்திய ‘சிக்கீ’ என்னும் குடிலே அவர்கள் வீடு. மான்தோல், முதலைத்தோல், கொக்கிறகு ஆகியவற்றைத் தோணியில் ஏற்றிக் கரையோரக் கடைகளுக்குக் கொண்டுபோய்த் துணியும் துப்பாக்கி மருந்தும் வாங்கிவந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அக்கடைகளிலிருந்து கையால் சுழற்றும் தையல் இயந்திரமும் தோணியேறியது. மிதிப்பலகை வேண்டாத அவ்வியந்திரத்தைக் குடிலின் தளத்தில் வைத்து, எதிரே தரையில் அமர்ந்து தைக்கலாம். குடி பெயரும்போது தூக்கிச் செல்லலாம். அவர்கள் வாங்கிய பருத்தித் துணிகளுள் ஒருவகைக்கு ‘காலிகோ’ என்று பெயர். நம்முடைய கோழிக்கோடு ஐரோப்பியர் நாவில் திரிந்து பிறந்த சொல் அது. அந்தப் பெயர் அத்தனை கடல்களைத் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்திருப்பது வேடிக்கைதான்.

தொடக்கத்தில் வெவ்வேறு வண்ணப் பட்டைகளைக் கிடையாக இணைத்து உடுப்புகள் தைத்தனர். பட்டை எடுக்கக் கத்தரிக்கோலும் அளவுகோலும் மிகுதியாகத் தேவைப்படவில்லை. துணியின் விளிம்பில் சிறிது கீறிக் கையால் கிழித்தால், இழையோடு நேராகக் கிழிந்து வரும். புதுத்துணி என்பதால் அது கைகூடிற்று. நைந்த பழஞ்சேலையில் இந்த வித்தை செல்லாது. 1910-களின் இறுதியை ஒட்டி, தைத்த பட்டைகளைக் குறுக்கே வெட்டி மீண்டும் இணைக்கும் ஒட்டுத்தையல் தோன்றியது. அவர்கள் நாடு வெப்பநாடு. ஆகவே இக்கோலவரிகள் போர்வைக்குப் போகாமல், பெண்களின் நீள்பாவாடையிலும் ஆண்களின் தொளதொளத்த சட்டையிலும் வரிவரியாக இடம்பெற்றன.

காலத்தையும் நாம் கவனிக்கவேண்டும். சீமாட்டிகளின் தொப்பிக்கு இறகு தேடிய வேட்டையால் கொக்கினம் அழியும் நிலை வந்தது. பறவைகளைக் காக்கப் புளோரிடாவில் 1901-இலும், இறகு வணிகத்தைத் தடுக்க நியூயார்க்கில் 1910-இலும் சட்டங்கள் வந்தன. அச்சட்டங்கள் நியாயமானவையே, ஆனால் அவற்றால் வருவாய் இழந்தவர்களுள் சதுப்புநிலத்து வேடர்களும் இருந்தார்கள். 1906 முதல் கால்வாய் வெட்டி நீரை வடிக்கத் தலைப்பட்டனர். தோணி ஓடிய நீர்வழிகள் வற்றலாயின. ஆடவரின் தொழில் குன்றியபோது குடும்பத்துக்குக் காசு கொணரும் பொறுப்பில் பெரும்பங்கு பெண்களின் இயந்திரத்தின்மேல் விழுந்தது. மயாமி நகர்ப்புறத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென அமைந்த காட்சிக் கிராமங்களில் சில குடும்பங்கள் பருவத்துக்குப் பருவம் வந்து தங்கின. 1928-இல் டாம்பாவையும் மயாமியையும் இணைக்கும் நெடுஞ்சாலை சதுப்பின் ஊடாகத் திறக்கப்பட்டதும், வாங்குவோர் குடில் வாசலுக்கே காரில் வரத் தொடங்கினர். நாளைக்கு எத்தனை முழம் கோலவரி முடியும் என்பது அடுப்பெரியும் கேள்வியாகிவிட்ட இடத்தில், 63 தையலை 14 ஆக்கும் வழி வெறும் சாமர்த்தியம் ஆகாது.

விற்பனைக்கென்று செய்ததால் கலை கெட்டதா என்று கேட்போர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பயணிகளுக்கு விற்ற அதே கோலங்களைத்தான் அம்மாதர் தாமும் உடுத்தினர், தம் பிள்ளைகளுக்கும் உடுத்தினர். விரைவு கைவந்தபின் அவர்கள் வேலையைச் சுருக்கிக்கொள்ளவும் இல்லை. மிஞ்சிய நேரத்தில் துண்டுகளைச் சிறிதாக்கிக் கோலங்களை மேலும் சிக்கலாக்கினர். 1933-இல் அங்கே பணியாற்ற வந்த ஹாரியட் பெடல் என்னும் கிறிஸ்தவ ஊழியப் பெண்மணி, நல்ல வேலைப்பாட்டுக்கு நல்ல விலை கிடைக்கவேண்டும் என்று அப்பொருள்களை ஊரூராக விற்றுக்கொடுத்தார். 1960-இல் வீசிய டோனா புயல் அவருடைய பணிமனையை அழிக்கும் வரை அத்தொண்டு நடந்தது.

புளோரிடாவின் செமினோல் குலம் 1957-இல் தனக்கெனச் சட்டதிட்டம் வகுத்து மத்திய அரசின் அங்கீகாரம் பெற்றது. மிக்கசூக்கி குலம் 1962-இல் தனியே பெற்றது. இருநூற்றெட்டுப் பேராகக் குறுகியிருந்த மக்கள் பல ஆயிரமாகப் பெருகியிருக்கிறார்கள். ஒட்டுத்தையல் போட்ட மேற்சட்டையும் பாவாடையும் அவர்களுக்கு விழாக்கால உடை. இயந்திரங்கள் மின்சாரத்தில் ஓடுகின்றன. வட்டக் கத்தியும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. மற்ற அமெரிக்கப் பெண்கள் தங்கள் போர்வைக் கட்டங்களில் இக்கோலத்தைச் சேர்க்கும்போது ‘செமினோல் தையல்’ என்றே வழங்குகிறார்கள். பிக் சைப்ரஸ் என்னுமிடத்தில் அக்குலத்தார் 1997-இல் திறந்த அருங்காட்சியகத்தில், அக்காலத்துப் பாவாடைகளையும் சட்டைகளையும் காணலாம்.