வீட்டுத் தோட்டம் பார்த்தல் (திருநீர்மலை வட்டாரம்)

வாசலிலும் கொல்லையிலும் மொட்டைமாடியிலும் ஒருவர் வளர்த்த செடிகளையும், அவற்றினிடையே அழகுக்கு வைத்த பொருள்களையும் அக்கம்பக்கத்தார் போய்ப் பார்த்து வரும் வழக்கம். இங்கிலாந்தில் இது அமைப்பாகவே வளர்ந்தது. 1927-இல் 609 தனியார் தோட்டங்கள் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் திறக்கப்பட்டன, வசூல் மாவட்டச் செவிலியர் நலனுக்குப் போனது. தமிழ்நாட்டில் அதற்கு நெருக்கமானது, 1896-இல் தொடங்கிய ஊட்டி மலர்க் கண்காட்சியையொட்டி நடக்கும் தோட்டப் போட்டி. நடுவர்களே வீட்டுத் தோட்டங்களுக்குச் சென்று மதிப்பெண் இடுகிறார்கள். சென்னையையொட்டிய திருநீர்மலை, பம்மல், குரோம்பேட்டைப் பக்கம் சீட்டும் கிடையாது, நடுவரும் கிடையாது. "பூ பூத்திருக்கு, வந்து பாருங்க" என்ற வாய்ச்சொல்தான் அழைப்பு.

மண்ணும் நீரும்

108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருநீர்மலையின் பெயரிலேயே நீர் இருக்கிறது. மலையைச் சூழ்ந்த வெள்ளம் வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தலவரலாறு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் இவ்வட்டாரத்தில் வீடுகளுக்குள் புகுந்தபோது அந்தக் கதை பலருக்கு நினைவு வந்திருக்கும். அடுத்த ஆண்டு டிசம்பர் 12-இல் வந்த வர்தா புயல் மரங்களைச் சாய்த்தது.

அருகிலுள்ள பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகள் சார்னகைட் என்னும் கரும்பாறையால் ஆனவை. உலகில் இப்பாறைக்கு மூல மாதிரியிடமாகக் கருதப்படுவதே இப்பகுதிதான். குன்றையொட்டிய மனைகளில் ஒரு முழம் தோண்டினால் சரளை தட்டும். பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழில் நிலத்தடி நீரைக் கெடுத்ததால் உப்புத் தண்ணீர் பல வீடுகளின் தலைவலி. ஆகவே இங்கு ஒரு தோட்டத்தின் அருமையை அளக்க அரிய செடிகளைத் தேட வேண்டாம். என்ன தண்ணீரில் என்ன பூத்திருக்கிறது என்று பார்த்தால் போதும். அரளி, நந்தியாவட்டை, காகிதப்பூ, அடீனியம், முருங்கை ஆகியவை தாக்குப்பிடிப்பவை. ரோஜா வைத்திருப்பவர் மழைநீரைச் சேமிக்கிறார் என்று ஊகிக்கலாம்.

அடுக்குமாடிகள் பெருகியதும் தோட்டம் மாடி ஏறியது. வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவு, விதை அடங்கிய மாடித்தோட்டத் தொகுப்பை மாநிலத் தோட்டக்கலைத் துறை 2013-14 முதல் மானிய விலையில் வழங்கியது. நார்க்கழிவு மண்ணைவிட எடை குறைவு, ஈரத்தையும் பிடித்து வைக்கும், தளத்துக்குப் பாரமாகாது.

அழகுப் பொருள்கள்

துளசி மாடம்தான் முதலில் கண்ணில் படும். கிரைண்டர் வந்தபின் வேலையிழந்த ஆட்டுக்கல்லின் குழியில் நீர் ஊற்றிக் குருவிக்கு வைக்கிறார்கள். பித்தளை உருளியில் பூ மிதக்கிறது. காய்த்த பாத்தியில் சுண்ணாம்புப் புள்ளி வைத்த கவிழ்த்த சட்டி திருஷ்டிக்காக நிற்கும். கடையில் வாங்கிய சிமெண்ட் கொக்கைவிட இவையே தோட்டத்துக்குப் பொருந்துகின்றன. அந்தந்த வீட்டில் வாழ்ந்தவர்களின் கைபட்டவை அல்லவா.

பூக்கும் இரவு

இவ்வழக்கத்தின் உச்சம் பிரம்ம கமலம் மலரும் இரவு. இமயத்தில் அதே பெயரில் வழங்கும் பூ வேறு. நம் வீடுகளில் இருப்பது மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த, கள்ளி இனத்துக் கொடி. நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். மொட்டு கழுத்தை வளைத்து நிமிர்ந்து பருத்துவிட்டால் அன்றிரவு மலரும் என்று வளர்ப்பவருக்குத் தெரிந்துவிடும். உடனே மாடி வீட்டு மாமிக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் சொல்லி அனுப்புவார். இருட்டிய பிறகு இதழ் பிரியத் தொடங்கி, நள்ளிரவை ஒட்டி முழுதும் விரிந்து, தெருவரை மணக்கும், விடிவதற்குள் துவண்டுவிடும். சிலர் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டுகிறார்கள். உள்ளே அனந்தசயனப் பெருமாளைப் போன்ற உருவம் தெரிகிறது என்று குழந்தைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். மலைமேல் பள்ளிகொண்ட அரங்கநாதர் இருக்கும் ஊரில் அது இயல்பாகவே பொருந்துகிறது.

பார்த்துவிட்டுக் கிளம்புபவர் வெறுங்கையோடு போவதில்லை. இலைபோலத் தட்டையான தண்டில் ஒரு துண்டை ஒடித்து, செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். இரண்டு நாள் நிழலில் காயவிட்டு நட்டால் வேர் பிடிக்கும். பூக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம்; அதன்பின் அழைக்கும் முறை அந்த வீட்டுக்கு வருகிறது.