கடலில் அலையும் மிதவைகளும் குண்டசாலையின் மழையும்

மகாவலி கங்கைக் கரையில், கடலிலிருந்து வெகுதொலைவில் வாழும் குண்டசாலை மக்களுக்குக் கடலாய்வு தொடர்பற்ற விடயமாகத் தோன்றக்கூடும். எனினும் எமது வயல்களை நனைத்து விக்டோரியா நீர்த்தேக்கத்தை நிரப்பும் மழை, பெரும்பாலும் இந்து சமுத்திரத்தின் ஈரப்பதத்திலிருந்தே பிறக்கின்றது. புவி வெப்பமடைவதால் மேலதிகமாகச் சேரும் வெப்பத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் சமுத்திரங்களே உள்வாங்குகின்றன. ஆகவே காலநிலை மாற்றத்தை அறிய விழைவோர் கடலின் வெப்பத்தை அளந்தறிதல் இன்றியமையாததாகும்.

அரபு மாலுமிகள் பருவக்காற்றை நம்பியே இலங்கைக்கு வந்து சென்றனர். பருவம் எனப் பொருள்படும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லே ஆங்கிலத்தில் 'மொன்சூன்' ஆயிற்று. காற்றின் போக்கை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆனால் ஆழ்கடலின் நிலையோ, 20ஆம் நூற்றாண்டிலும் கப்பற் பாதைகளுக்கு அப்பால் பெரிதும் அறியப்படாமலே இருந்தது. அக்குறையை நீக்க வந்தவையே அலையும் மிதவைகள்.

இவை இருவகைப்படும். மேற்பரப்பு மிதவையின் கீழே, 15 மீற்றர் ஆழத்தில் துணிக்கூடு ஒன்று தொங்கும். அது மிதவையைக் காற்றின் போக்கில் விடாது நீரோட்டத்துடன் இட்டுச்செல்லும். இவ்வகை மிதவைகளின் எண்ணிக்கை 2005 செப்டெம்பரில் 1,250 என்ற இலக்கை எட்டியது. மற்றையது 'ஆர்கோ' மிதவையாகும். இது 1,000 மீற்றர் ஆழத்தில் அலைந்து, பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீற்றர் வரை இறங்கி, பின்னர் மேலெழும்போது நீரின் வெப்பத்தையும் உவர்த்தன்மையையும் அளந்து செய்மதிக்கு அனுப்பும். 2007 நவம்பரில் 3,000 ஆர்கோ மிதவைகள் இயங்கின. அவற்றின் தரவுகள் எந்நாட்டவர்க்கும் இலவசமாகவே கிடைக்கின்றன.

இத்தகைய அவதானிப்புகளால் எமக்கு விளையும் பயன் யாது? இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதி வெப்பமுற்று, சுமாத்திராவை அண்டிய கிழக்குப் பகுதி குளிர்வதை 'இந்து சமுத்திர இருமுனையம்' என விஞ்ஞானிகள் 1999இல் இனங்கண்டனர். இந்நிலை இலங்கையின் பெரும்போக மழையை அதிகரிக்கச் செய்வதை, இலங்கை விஞ்ஞானி லரீப் சுபைர் உள்ளிட்டோரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துக்காட்டியது. அவர் சார்ந்த ஆய்வு நிறுவனம் குண்டசாலையை அடுத்த திகனையிலும் இயங்கியமை எமது பிரதேசத்துக்குப் பெருமையே. 2016இல் இருமுனையம் எதிர்த்திசையில் வலுப்பெற்றது. அதனைத் தொடர்ந்த வறட்சியில் பெரும்போக நெற்செய்கை கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

மிதவை எந்த மலை சரியும் என்பதைக் கூறாது. ஆயினும் சூறாவளிக்கு வலுவூட்டும் கடல் வெப்பத்தை அது காட்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மண்சரிவுகளால் கண்டி மாவட்டம் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த பின்னர், கடலும் மலையும் வெவ்வேறு என எவரும் எண்ணவியலாது.

தரவு இலவசமாகக் கிடைப்பது மட்டும் போதாது. அதனைப் பயிர்ச்செய்கை ஆலோசனையாகவும் அனர்த்த எச்சரிக்கையாகவும் மாற்றி, தமிழ் மொழியிலும் ஏனைய மொழிகளுக்குச் சமகாலத்தில் கிராமங்கள்தோறும் சேர்ப்பிக்க வேண்டும். பத்து நாட்களுக்கு ஒருமுறை கடல் தரும் செய்தி, மலைச்சரிவில் வாழும் குடும்பத்தின் செவிக்கு உரிய வேளையில் எட்ட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.