சேவ் பண்ணி வெச்ச லிங்க் திறக்கலையா? நூலகத் துறை ஆய்வுகள் சொல்வது இதுதான்!

வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பி வெச்ச லிங்க் எத்தனை இருக்கும்? 'அப்புறம் படிக்கலாம்'னு நினைச்ச கட்டுரை, பரீட்சைக்கு உதவும் குறிப்பு, உங்க பேர் வந்த செய்தி... அதுல பழைய லிங்க் ஒண்ணைத் தொட்டுப் பாருங்க. '404' என்று வந்தால் ஆச்சர்யப்படாதீங்க. நீங்க சேமிச்சது கட்டுரையை இல்ல, அதோட முகவரியை மட்டும்தான். வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவங்களைப் பழைய முகவரியில் தேடினா கிடைப்பாங்களா?

நூலகம் மற்றும் தகவல் அறிவியல் துறையில் இதை 'லிங்க் ராட்' என்கிறார்கள். இணைப்பு நாளடைவில் மட்கிப்போவது என்று அர்த்தம்.

எவ்வளவு காணாமல் போகுது?

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவிகிதம் பத்து வருஷத்தில் மறைஞ்சிடுச்சு. நாம நம்பிப் படிக்கிற விக்கிப்பீடியாவிலும் இதே கதைதான். அந்த ஆய்வில் பார்த்த ஆங்கில விக்கிப்பீடியா பக்கங்களில் 54 சதவிகிதத்தில், ஆதாரமாகக் கொடுத்த லிங்க்குகளில் குறைந்தது ஒன்றாவது செயல்படவில்லை.

கோர்ட்டும் தப்பவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டிய லிங்க்குகளில் பாதி, அன்றைக்குச் சுட்டிய தகவலுக்கு இப்போது கொண்டுபோவதில்லை என்று ஹார்வர்டு சட்டப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014-ல் எழுதினார்கள். தீர்ப்பு இருக்கு, அதுக்கான ஆதாரம் இல்ல!

பக்கம் இருக்கு, விஷயம் மாறிடுச்சு!

இது இன்னும் சிக்கல். லிங்க் நல்லாவே திறக்கும். ஆனா, உள்ளே இருப்பது நீங்க அன்னைக்குப் படிச்சது இல்ல. அறிவியல் கட்டுரைகள் சுட்டும் இணையப் பக்கங்களை ஆராய்ந்த 2016-ம் ஆண்டு ஆய்வு ஒன்றில், நான்கில் மூன்று பக்கங்களின் உள்ளடக்கம் மாறியிருந்தது. 404 வந்தாலாவது 'இல்லை'னு தெரியும். இதுல மாறினதே தெரியாது.

ஏன் இப்படி?

டொமைனுக்கு வருஷாவருஷம் பணம் கட்டணும். கட்டலைன்னா முகவரி வேற கைக்குப் போயிடும். சில தளங்கள் டிசைனை மாற்றும்போது எல்லா முகவரிகளும் மாறிடும். சில நேரம் மொத்தச் சேவையுமே மூடப்படும். யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009-ல், கூகுள் பிளஸ் 2019-ல் மூடப்பட்டது இப்படித்தான்.

இதைச் சரிசெய்யும் வேலையில் நூலகர்கள் இறங்கியிருக்காங்க. 1996-ல் தொடங்கிய 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' ஒரு டிஜிட்டல் நூலகம். அதோட 'வேபேக் மெஷின்' பழைய இணையப் பக்கங்களைத் தேதிவாரியாகப் பாதுகாக்குது. மேற்கோள்களுக்காகவே 'பெர்மா' என்ற சேவையை ஹார்வர்டு சட்ட நூலகம் நடத்துது.

நீங்க என்ன செய்யலாம்?

* நகல் எடுங்க: முக்கியமான பக்கத்தின் முகவரியை வேபேக் மெஷினில் 'சேவ் பேஜ் நவ்' பகுதியில் கொடுங்க. அந்தத் தேதியிட்ட நகலுக்குத் தனி லிங்க் கிடைக்கும். அந்த நகலை யாரும் பார்க்கலாம் என்பதால், உங்க சொந்த விவரங்கள் உள்ள பக்கத்தைக் கொடுக்காதீங்க. லாகின் செய்தால் மட்டும் திறக்கும் பக்கங்கள் இதில் சேமிக்கப்படாது.

* பி.டி.எஃப் ஆக்குங்க: போன் பிரவுசரில் 'ஷேர்' போய், 'பிரின்ட்' கொடுத்து, பி.டி.எஃப்-ஆகச் சேமிக்கலாம். கோப்பின் பெயரில் தேதியையும் சேர்த்துடுங்க.

* லிங்க்கை மட்டும் நம்பாதீங்க: தலைப்பு, எழுதியவர், தளத்தின் பெயர், படித்த தேதி... இந்த நாலையும் கூடவே குறிச்சு வைங்க. லிங்க் போனாலும் வேற இடத்தில் தேடிப் பிடிக்கலாம்.

* ரெண்டு இடத்தில் வைங்க: 2024 அக்டோபரில் சைபர் தாக்குதலால் வேபேக் மெஷினே சில நாள் முடங்கியது. போனில் ஒண்ணு, வேறொரு இடத்தில் ஒண்ணுன்னு நகல் இருக்கட்டும்.

எல்லா லிங்க்கையும் காப்பாத்தணும்னு அவசியமில்ல. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட வேண்டிய உங்க படைப்பு, புராஜெக்ட்டில் நீங்க கொடுத்த ஆதாரம், தொலைஞ்சா திரும்பக் கிடைக்காத பக்கம்... இப்படி ஒரு அஞ்சு லிங்க்கை இன்னைக்கே தேர்ந்தெடுங்க. அவை இப்போ திறக்குதான்னு பாருங்க. திறந்தா, உடனே நகல் எடுத்துடுங்க!